வைகாசியில் வைத்த நேரம்

இன்று காலை 6.20க்குப் பால் வாங்கக் கிளம்பினேன். ஆனி மாதம். சூரியன் உதித்து அரை மணி ஆகப் போகிறது. எங்கள் தெருவில் ஒரு விளக்கு பாக்கியில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு நண்பர் வாசலில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். "என்ன சார், உங்க புண்ணியத்துல பகல்லயும் வெளிச்சம்தான்" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இந்த விளக்குகள் 6.30 வரை எரிவதற்கு நான்தான் காரணம். நாலு தடவை நகராட்சிக்கு நடந்து, மனுக் கொடுத்து, மன்றாடி வாங்கிய 6.30 அது. நான் கேட்டது தை மாதத்துக்கு. அவர்கள் கொடுத்தது பங்குனிக் கடைசியில். இப்போது ஆனியிலும் அதுவே ஓடுகிறது. டைமர் என்ற பெட்டியின் மேல் எனக்குள்ள வழக்கு முழுவதும் இதில் அடங்கிவிடும். இருந்தாலும் விவரமாகவே சொல்கிறேன். மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் டைமரையே குறை சொல்கிறானே என்று யாரும் நினைக்கக் கூடாது.

போன தை மாதம், பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். நான் காலை நடைக்குப் போகிற நேரம். 5.45 ஆனதும் பட்டென்று தெரு முழுக்க விளக்கு அணைந்தது. விளக்கு இல்லாத தெருவில் நடப்பது வேறு, இருந்த விளக்கு திடீரென்று அணைந்த தெருவில் நடப்பது வேறு. வெளிச்சத்துக்குப் பழகின கண்ணுக்கு அந்த இருட்டு இன்னும் கருப்பாக இருக்கும். எனக்கு முன்னால் கொஞ்ச தூரத்தில் தூய்மைப் பணியாளர் ஒரு அம்மா குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். சாக்கடை மேல் போட்டிருந்த சிமெண்ட் பலகை ஒன்று உடைந்து ஒரு வாரமாகக் கிடந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வண்டிச் சத்தம் நின்றது. "ஐயோ" என்று ஒரு குரல்.

நானும் பால்காரத் தம்பியும் சேர்ந்து தூக்கிவிட்டோம். கால் முட்டி தேய்ந்து ரத்தம். வலது மணிக்கட்டு அதற்குள் வீங்க ஆரம்பித்துவிட்டது. "லைட்டு போனதும் கண்ணைக் கட்டி விட்டாப்ல ஆயிருச்சுய்யா" என்றார். எலும்பு முறிவு. மாவுக்கட்டு, ஆறு வாரம். அவர் நிரந்தரப் பணியாளர் இல்லை, ஒப்பந்தத் தொழிலாளி. வேலைக்கு வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. ஆறு வாரம் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் வரவில்லை.

பலகையைச் சரி செய்யாதது ஒரு குற்றம். அதற்குத் தனியாக மனுக் கொடுத்தேன், போட்டுவிட்டார்கள். நான் பேச வந்தது விளக்கைப் பற்றி.

எங்கள் ஊர் திருச்சிப் பக்கம். தை மாத நடுவில், அதாவது ஜனவரி கடைசி வாரத்தில், இங்கே சூரிய உதயம் ஏறக்குறைய 6.39. உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பிருந்துதான் கீழே கிடக்கும் கல்லும் குழியும் கண்ணுக்குத் தெரியும். அதாவது 6.15க்கு மேல். டைமர் விளக்கை அணைத்தது 5.45க்கு. நடுவில் அரை மணி நேரம் தெரு கும்மிருட்டு. அந்த அரை மணியில்தான் ஊரே எழுந்து நடமாடுகிறது. கூட்டுகிறவர்கள், பால்காரர், பேப்பர் பையன், முதல் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், வாசலில் கோலம் போடும் பெண்கள், என்னைப் போல டாக்டர் சொல்லி நடக்கும் கிழங்கள். ஆள் நடமாட்டமே இல்லாத ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு ஜெகஜோதியாக எரிகிறது. ஆள் வரும்போது அணைந்துவிடுகிறது.

இது யாரோ வேண்டுமென்று செய்ததல்ல. எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாலை 6.30க்குப் போடு, காலை 5.45க்கு அணை என்பது அந்தப் பெட்டியில் இருந்த நேரம். இந்த இரண்டு நேரமும் எந்த மாதத்துக்குச் சரியாக இருக்கும் என்று பாருங்கள். மே மாதக் கடைசியில் எங்கள் ஊரில் உதயம் 5.52, அஸ்தமனம் 6.33. கச்சிதமாகப் பொருந்துகிறதா? எல்.ஈ.டி. விளக்கு மாற்றியபோது பெட்டியும் மாட்டினார்கள். அது ஒரு கோடைக்காலம். காண்ட்ராக்டரின் ஆள் வானத்தைப் பார்த்து, அன்றைய தேதிக்குச் சரியான நேரத்தை வைத்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பே இல்லை. வைகாசியில் வைத்ததை வருடம் முழுக்க ஓட்டுகிறவர்கள் மேல்தான் தப்பு.

இதில் படித்தவர்களே ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. வருடத்திலேயே குறுகிய பகல் டிசம்பர் 21, 22 வாக்கில். ஆகவே மார்கழி போனால் இருட்டும் போயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம். நம் பக்கத்தில் அப்படி இல்லை. சூரியன் உச்சிக்கு வரும் நேரமே வருடத்தில் முன்னும் பின்னும் நகர்கிறது. திருச்சியில் நவம்பர் தொடக்கத்தில் பகல் 11.59க்கு உச்சிக்கு வரும் சூரியன், பிப்ரவரி நடுவில் 12.29க்குத்தான் வருகிறது. பூமி சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது. அதனால் மாலையில் சீக்கிரமே இருட்டுவது மார்கழியில் அல்ல, கார்த்திகையில். நவம்பர் இருபது வாக்கில் அஸ்தமனம் 5.49. காலையில் தாமதமாக விடிவதும் மார்கழியில் அல்ல, தையில். ஜூலையில் அஸ்தமனம் 6.42 வரை போகும். மாலையில் 53 நிமிட வித்தியாசம், காலையில் 47 நிமிட வித்தியாசம். இங்கிலாந்துக்காரனைக் கேட்டால் இதெல்லாம் ஒரு வித்தியாசமா என்பான். அங்கே மணிக்கணக்கில் மாறுவதால் யாரும் மறக்க முடியாது. நமக்கு முக்கால் மணி என்பதால் "அதான் கிட்டத்தட்ட ஒண்ணுதானே" என்று விட்டுவிடுகிறோம். அந்த முக்கால் மணியில்தான் மணிக்கட்டு உடைகிறது.

கார்த்திகை மாலையும் இதே கதைதான். அஸ்தமனம் 5.49, பெட்டி விளக்குப் போடுவது 6.30. மழை மேகம் கவிந்துவிட்டால் 5.30க்கே கும்மிருட்டு. பிள்ளைகள் டியூஷனுக்கு சைக்கிளில் போகிற நேரம். தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கும், எது பள்ளம் எது ரோடு என்று தெரியாது.

மனுவை எடுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். உதவிப் பொறியாளர் என் மகன் வயதுதான் இருப்பார். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"சார், இப்பல்லாம் யாரும் கையால போடுறதில்லை. எல்லாம் ஆட்டோமேட்டிக். டைமர் பார்த்துக்கும்."

"டைமர் எதைப் பார்க்குது தம்பி? அதுக்குக் கண்ணு கிடையாதே. நீங்க சொன்ன மணியத்தானே அது பார்க்குது?"

அவருக்குப் பின்னால் சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் தொங்கியது. எழுந்து போய்ப் பார்த்தேன். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டத்தோடு சூரிய உதயமும் போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன். அவரும் திரும்பிப் பார்த்தார். சிரித்துவிட்டு, "உண்மைதான் சார். ஆனா நேரத்தை மாத்தணும்னா காண்ட்ராக்டர் ஆள் வரணும். பெட்டிச் சாவி அவங்ககிட்ட இருக்கு. எழுதிப் போடறேன்" என்றார்.

எழுதிப் போட்டார் என்றுதான் நம்புகிறேன். அது போய்ச் சேர்ந்து, ஆள் வந்து, பெட்டி திறந்து, 5.45ஐ 6.30 ஆக்கியபோது பங்குனி முடியப் போகிறது. 6.10க்கே உதயம். யாருக்கும் பயன் இல்லாத நாளில் நேரம் மாறியது. மாற்றியவர் திரும்ப வரவில்லை. மாலை நேரத்தைத் தொடவே இல்லை. வரும் கார்த்திகையிலும் அதே 6.30தான்.

"ஆட்டோமேட்டிக்" என்ற அந்த வார்த்தையின் மேல்தான் என் கோபமெல்லாம். டைமர் ஒரு வேலையாள். மாசாமாசம் வேலை சொல்ல ஒரு மேஸ்திரி வேண்டும். நாம் வேலையாளை வாங்கிவிட்டு மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். முன்பெல்லாம் தெருவில் விளக்கு எரியாவிட்டால் "எங்கய்யா அந்த லைட்காரர்?" என்று தேட ஓர் ஆள் இருந்தார். இப்போது யாரைத் தேடுவது? பொறியாளர் பெட்டியைக் காட்டுகிறார், பெட்டி காண்ட்ராக்டரைக் காட்டுகிறது, காண்ட்ராக்டர் பராமரிப்பு ஒப்பந்தத்தைக் காட்டுகிறார்.

அந்த லைட்காரர் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். எண்பதுகளில் எங்கள் பகுதிக்கு ஒருவர் இருந்தார். சாயங்காலம் சைக்கிளில் கிளம்பி, கம்பத்துக்குக் கம்பம் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து போட்டுக்கொண்டே போவார். அவர் வீட்டுப் பக்கத்துத் தெருவில் முதலில் எரியும், எங்கள் தெருவுக்கு வரும்போது ஏழாகிவிடும். காலையில் அணைக்க மறந்துவிட்டுப் பத்து மணி வரை எரிந்த நாட்களும் நிறைய. மின்வாரியத்தில் இருந்துகொண்டு அதைப் பார்க்க எனக்கே வயிறு எரியும். ஆனால் ஐப்பசியில் நாலரை மணிக்கு வானம் கறுத்தால் ஐந்து மணிக்கே சைக்கிள் மணி கேட்கும். வானத்தைப் பார்த்து வேலை செய்தார். மறதி இருந்தது, கண்ணும் இருந்தது.

அதற்குப் பிறகு வந்தது வட்டத் தகடு வைத்த பழைய டைமர். 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. சின்ன மோட்டார் ஒன்று கரண்டில் சுற்றும். உள்ளே பேட்டரி இல்லாத ரகமாக இருந்தால், அல்லது பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போகிற நேரமெல்லாம் அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் இரண்டு மணி நேரம் பின்தங்கும். 2012 மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வெளியூர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் போனது. அந்த டைமருக்குப் பகலேது, இரவேது? உச்சி வெயிலில் தெருவிளக்கு எரிவதைப் பார்த்து ஜனங்கள் மின்வாரியத்தைத் திட்டினார்கள். திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். இப்போதைய டிஜிட்டல் டைமரிலும் உள்ளே ஒரு பேட்டரி உண்டு. நாலைந்து வருடத்தில் அது தளர்ந்துவிட்டால், நீண்ட மின்தடைக்குப் பின் அதன் மணி எதுவாகவும் இருக்கலாம். ஒரு தடவை வைத்தால் போதும் என்பது எந்த டைமருக்கும் பொருந்தாத பேச்சு.

மறுபக்கம் சொல்பவர்களின் வாதத்தையும் பார்த்துவிடுவோம்.

மின்சாரம் மிச்சம் என்பார்கள். கணக்குப் போடுவோம். எங்கள் பெட்டியில் இருப்பது 48 விளக்கு, ஒவ்வொன்றும் 20 வாட். மொத்தம் 960 வாட். ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் கூட முழுதாக ஆகாது. தை மாதம் அரை மணி முன்னால் அணைத்ததில் மிச்சம் அரை யூனிட்டுக்குள். ஒன்றரை டன் ஏ.சி. இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் தின்னும் கரண்ட் அது. நகராட்சியில் எத்தனை அறையில் ஏ.சி. ஓடுகிறது என்று எண்ணிக்கொண்டுதான் வந்தேன், இங்கே எழுதவில்லை. சிக்கனம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, அதுவே என் பிழைப்பாக இருந்தது. இன்று காலை வெயிலில் எரிந்த விளக்கும் விரயம்தான். அதையும் நிறுத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். இருட்டில் எரியணும், வெளிச்சத்தில் அணையணும். இதற்கு மேல் தெருவிளக்குக்கு என்ன வேலை?

வெளிச்சத்தை உணரும் சென்சார் வைத்துவிடலாமே என்பார்கள். வைக்கலாம். மழை மேகத்தை அறிவது அது ஒன்றுதான். ஆனால் தூசி படியும், காக்கை எச்சமிடும், மரக்கிளை மறைக்கும். அப்போது பகலை இரவென்று நினைத்து விளக்கை எரியவிடும். என் கணக்கில் அது சின்னத் தப்பு. சென்சாரின் கண் மங்கினால் விளக்கு கூடுதலாக எரியும், காசு போகும். டைமரில் நேரம் தவறாக இருந்தால் இருட்டில் விளக்கு அணையும், கை கால் போகும். ஒரு சாதனம் கெடத்தான் செய்யும். கெட்டால் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்து வாங்கு என்பது எங்களுக்கு வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி மூன்றையும் பதிந்துவிட்டால் ஒவ்வொரு நாளின் உதயம், அஸ்தமனத்தைத் தானே கணக்கிடும் டைமரும் கிடைக்கிறது. அஸ்ட்ரோ டைமர் என்பார்கள். புதிதாக வாங்குகிற நகராட்சி அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் அதிலும் ஊரைச் சரியாகப் பதிய வேண்டும், தேதி சரியாக இருக்கிறதா என்று வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும். பார்க்க ஆள் இல்லையென்றால் அதுவும் இன்னொரு பெட்டிதான்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். இருக்கிற சாதாரண டைமரையே வைத்துக்கொண்டு ஒரு ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடிய வழி சொல்கிறேன். ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் தேதி கிழிக்கிறோம் அல்லவா, அன்று பெட்டியைத் திறங்கள். நம் ஊருக்கான அஸ்தமன நேரம் எதுவோ அதற்கு விளக்குப் போட வையுங்கள். உதயத்துக்குக் கால் மணி முன்னால் அணைக்க வையுங்கள். டைமரின் மணி உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெட்டிக்கு ஐந்து நிமிடம். வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை. ஒரு மாதத்துக்குள் வரும் வித்தியாசம் அதிகம் போனால் இருபது நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகைக்கு மட்டும் மாலையில் அரை மணி கூடுதலாக வையுங்கள், மழைக்காக. பெட்டிச் சாவி ஒன்று வார்டு அலுவலகத்தில் இருக்கட்டும். பெட்டிக் கதவில் பொறுப்பானவரின் பதவியும் போன் நம்பரும், கடைசியாக நேரம் மாற்றிய தேதியும் பெயிண்டில் எழுதியிருக்கட்டும். எங்கள் காலத்தில் டிரான்ஸ்பார்மரில் எண்ணெய் பார்த்த தேதியை எழுதி வைப்போம். எழுதி வைத்தால் வெட்கத்துக்காவது அடுத்த தடவை போய்ப் பார்ப்பார்கள்.

இதை நகராட்சிக்கு மட்டும் சொல்லவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்கள். மாடிப்படிக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் டைமர் போட்டிருப்பீர்கள். சங்கச் செயலாளரோ பொருளாளரோ நம்மைப் போன்ற ஓய்வு பெற்ற ஆளாகத்தான் இருப்பார். அந்தப் பெட்டியில் என்ன நேரம் இருக்கிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? விழுந்தால் எலும்பு கூடாத வயது நமக்கு. வீட்டு வேலைக்கு வரும் பெண் காலை ஐந்தரைக்கு அந்தப் படியில் ஏறுகிறாள். தெருக்கோயில் வாசல் விளக்குக்கும் இதே கதைதான். இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

கட்டுப் பிரித்த பிறகு அந்த அம்மா மறுபடி வேலைக்கு வருகிறார். கை முன்போல மடங்கவில்லை, வண்டியை இடது கையால்தான் அதிகம் தள்ளுகிறார். நேற்றுப் பார்த்தபோது தலைக்கு மேல் எரிந்த விளக்கைக் காட்டி, "இப்ப நல்லா எரியுதுய்யா" என்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

வரும் ஐப்பசி ஒன்றாம் தேதி மறுபடியும் நகராட்சிக்குப் போகிறேன். கையில் மனுவோடு அந்த வருடத்துக்கான பன்னிரண்டு மாத நேரப் பட்டியலும் இருக்கும். எங்கள் வார்டுக்காரர்கள் யாராவது கூட வந்தால் நல்லது. தனியாகப் போனால் "பெரியவர் வந்திருக்கார், டீ சொல்லுப்பா" என்று முடிந்துவிடுகிறது. நாலு பேராகப் போனால் சாவி கிடைக்கும்.